பின்வரிசைக் கைகள்

ஜூன் 3, திங்கள்

புதிய நோட்டு. பழையது மார்ச் மாதத்தோடு தீர்ந்துபோனது. ஏப்ரலிலும் மேயிலும் எழுதாததற்குக் காரணம், நோட்டு வாங்க நேரம் கிடைக்கவில்லை. கடை நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இது யார் கையில் சிக்கினாலும் ஆள் யாரென்று தெரியட்டும். நான் நாச்சிமுத்து, எம்.எஸ்சி. வேதியியல், கல்லூரியில் இரண்டாமிடம். முதலிடம் துறைத்தலைவரின் அண்ணன் மகனுக்குப் போனது. வயது ஐம்பத்தொன்று. இந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் அலுவலர். பதினோரு வருடமாக அதே மேசை, அதே நாற்காலி, நாற்காலியின் அதே ஆடும் கால். உதவி மாவட்ட அலுவலர் பதவி மூன்று முறை என் வாசல் வரை வந்து, மூன்று முறையும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. யார் யார் எனக்கு என்னென்ன செய்தார்கள் என்பது ஓய்வு பெறும் நாளில் மறந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இன்று மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம். பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் உளவியல் பேராசிரியை வந்து, அவசரப் பணியில் இருப்பவர்களின் குணத்துக்கும் அவர்களுடைய பணிச்சோர்வுக்கும் உள்ள தொடர்பை ஆராயப்போகிறாராம். மிகவும் சோர்ந்துபோனவர்கள் வேறு இடத்துக்கு மாற்றப்படுவார்களாம். முழு ஒத்துழைப்பு நல்க வேண்டுமாம். கையெழுத்து: குலசேகரன், மாவட்ட அலுவலர்.

குலசேகரனும் நானும் ஒரே வருடம் பயிற்சியில் சேர்ந்தவர்கள். நீரியல் தேர்வுக்கு முந்தைய நாள் என் குறிப்புகளை வாங்கிப்போய்ப் படித்து, என்னைவிட நான்கு மதிப்பெண் கூடுதலாக வாங்கினான். குறிப்புகள் திரும்பி வந்தபோது பக்கமெல்லாம் பஜ்ஜி எண்ணெய். இருபத்து நான்கு வருடம் ஆகிறது. கறை போகவில்லை.

இந்த ஆய்வில் ஒரே ஒரு நன்மை, அர்த்தநாரி சிக்குவான். அவன் எனக்கு அடுத்த நிலையில் இருப்பவன், நாற்பத்திரண்டு வயது, எதற்கெடுத்தாலும் சிரிப்பான். காலையில் ஒரு பெண் விரலில் சிக்கிய மோதிரத்தை வெட்டி எடுக்கச் சொல்லி வந்தார். விரல் வீங்கி, கை நடுங்கிக்கொண்டிருந்தது. மாமியார் போட்ட மோதிரம் என்றார். "அப்ப கழட்ட முடியாதுதானுங்க அம்மிணி, மாமியார் சாமானாச்சே" என்றான் அர்த்தநாரி. அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கை நடுக்கம் நின்றுபோய், மோதிரம் சுலபமாக வந்துவிட்டது. அரசு அலுவலகத்தில் இப்படியா கேலி பேசுவது? நேரில் சொல்லவில்லை. எழுதிவைக்கிறேன்.

ஜூன் 5, புதன்

சாரைப்பாம்பு இரண்டு, கதண்டுக் குளவிக் கூடு ஒன்று, வேப்பமரத்திலிருந்து இறங்க மறுத்த பூனை ஒன்று. இறக்கிவிட்ட எங்கள் தீயணைப்பு வீரன் ரியாஸைப் பூனை பிறாண்டிவிட்டு ஓடியது. அந்தக் குணம் எனக்குப் புதிதல்ல. மாவட்ட அலுவலகத்திலும் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 8, சனி

கிணற்றில் மாடு. மாட்டுக்காரப் பெண்மணி எங்களைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, "இவ்ளோ நேரமாடா வர்றதுக்கு, எம் மாடு நீச்சல் பழகியே முடிச்சிருச்சு" என்றார்.

நான் கிணற்றிலிருந்து இருபதடி தள்ளி நின்று மேற்பார்வையிட்டேன். அலுவலரின் இடம் அதுதான். இத்தனை வருடமாகக் கிணற்றில் முதலில் இறங்குவது நான் என்பதால் அர்த்தநாரி பழக்கத்தில் கயிற்றை என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை. ஒரு நிமிடம் நீட்டியபடியே நின்றுவிட்டு, பிறகு தன் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். ஓட்டுநர் சகாயம் எங்கிருந்தோ ஒரு நாற்காலி கொண்டுவந்து எனக்குப் போட்டார். கிணற்றுக்கு முதுகு காட்டும்படியாகப் போட்டிருந்தார். மரியாதை தெரியாத மனிதர். அலுவலர் வேலையைப் பார்க்க வேண்டாமா?

மாடு பிழைத்தது.

ஏப்ரல் மாதக் கிணற்றைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. ஆழம், நேரம், பையனின் வயது எல்லாம் அலுவலகப் பதிவில் இருக்கின்றன. ஒன்றையே இரண்டு இடத்தில் எழுதுவது வீண் வேலை.

எங்கள் நிலையத்தில் சமையல் முறை வைத்துத்தான் நடக்கும். இன்று சகாயத்தின் முறை. அப்படியிருக்க ரியாஸ் அடுப்பைப் பிடித்துக்கொண்டு, இருபது பேருக்கு பிரியாணி செய்தான். எங்கேனும் கிணறு என்றால் அவனுக்கு இந்தக் கிறுக்கு வந்துவிடும். அரிசி விலை தெரியாத பிள்ளை.

ஜூன் 11, செவ்வாய்

பேராசிரியை வந்தார். முனைவர் மங்கையர்க்கரசி. வருகைப் பதிவேட்டின் கட்டத்தில் பெயர் அடங்காமல் பக்கத்துக் கட்டத்தையும் எடுத்துக்கொண்டார். இந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் முன்னேறுகிறார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். கூட ஒரு மாணவி.

"இன்னைக்கு நாம பர்ன்-அவுட் பத்திப் பேசப்போறோம்" என்று தொடங்கினார்.

ரியாஸ் எழுந்து நின்றான். "எந்த ஏரியாங்க மேடம்? வண்டி எடுக்கோணுமா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அர்த்தநாரி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். அந்த அம்மாளும் சிரித்துவிட்டு, பணிச்சோர்வைத்தான் அப்படிச் சொல்கிறோம் என்று விளக்கினார். ஒரே தீக்கு இரண்டு பேர் போய்வருகிறார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடுகிறார், இன்னொருவருக்குச் சோறு இறங்குவதில்லை. வேலைப்பளு ஒரு காரணம், ஆளின் குணம் இன்னொரு காரணம். கவலையைப் பேசிக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். விழுங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தன்னைத் தவிர யாருக்கும் வேலை தெரியாது என்று எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்பவர்களும், பழைய மனக்கசப்பைச் சுமந்துகொண்டே திரிபவர்களும்தான் சீக்கிரம் உடைந்துபோகிறார்களாம். எனக்கு உடனே குலசேகரன் நினைவுக்கு வந்தான்.

எழுதச் சொன்னால் ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் மணி அடித்தால் எல்லாரும் ஓடிவிடுவோம். எனவே அவர் ஒவ்வொரு வாக்கியமாகப் படிப்பார், ஒத்துக்கொள்பவர்கள் கையைத் தூக்க வேண்டும், மாணவி நாற்காலி வாரியாகக் குறித்துக்கொள்வாள் என்று ஏற்பாடு.

"எல்லாரும் கண்ண மூடிக்கங்க. அடுத்தவங்களப் பாக்க வேணாம்" என்றார்.

"ட்யூட்டில இருக்கறப்ப எங்க ஆளுங்க கண்ண மூட மாட்டாங்க மேடம்" என்றேன்.

"பத்து நிமிஷம்தான் சார்."

"தீக்கு அது தெரியாதுங்களே."

விட்டுக்கொடுத்தார். விதி தெரிந்த அலுவலர் ஒருவராவது இருக்கிறார் என்று புரிந்துகொண்டிருப்பார். முறைப்படி முன்வரிசையில் என் நாற்காலி ஒன்று மட்டும். பின்னால் இரண்டு வரிசையில் பதின்மூன்று பேர்.

"உதவி செஞ்சாலும் ஜனங்களுக்கு நன்றி இல்லைன்னு தோணுது." தூக்கினேன். இது குணம் அல்ல, பொது அறிவு.

"பழைய அநியாயங்கள என்னால மறக்க முடியறதில்ல." தூக்கினேன். எனக்கு நினைவாற்றல் அதிகம்.

"என் தகுதிக்கேத்த மதிப்பு எனக்குக் கிடைக்கல." அவர் முடிப்பதற்கு முன்பே தூக்கிவிட்டேன்.

"வேலைக்குக் கிளம்பறப்ப வயித்தப் பிசையுது." தூக்கினேன். வீட்டில் மாவு அதிகம் புளித்துவிடுகிறது.

"நடந்தத நினைச்சுத் தூக்கம் வராமப் போகுது."

இதற்குக் கொஞ்சம் யோசித்தேன். ஆராய்ச்சி என்றால் துல்லியம் வேண்டும் என்பதால் பாதி மட்டும் தூக்கினேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலாகப் பின்வரிசையைப் பார்த்தார். மாணவியின் பேனா நின்றது. பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அலுவலர் திரும்பிப் பார்த்தால் ஆட்களைச் சந்தேகிப்பது போலாகும்.

ஜூன் 14, வெள்ளி

வசந்தாமணி கூடத்தில் படுக்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. அங்கே காற்று நன்றாக வருகிறது என்கிறாள். இன்று காலையில், "ஏனுங்க, அந்த சிலிண்டர எத்தன தடவ எந்திரிச்சுப் பாப்பீங்க? அது என்ன ஓடியா போகுது?" என்று கேட்டாள். இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியும் தொழில்சார்ந்த முன்னெச்சரிக்கை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

பால்காரர் வேறு, "நேத்தும் தூங்கலீங்களா?" என்கிறார். அவர் பாலில் என்ன ஊற்றுகிறார் என்று நான் கேட்டேனா?

ஜூன் 19, புதன்

மங்கையர்க்கரசி அம்மாள் போனில் அழைத்தார். குரலில் ஒரு பதற்றம்.

"சார், பத்து வருஷமா இந்த ஆய்வு பண்றேன். இப்படி ஒரு ஸ்டேஷன நான் பாத்ததே இல்ல. பதினாலு பேருக்கும் ஒரே குணம் சார். ஒரு இம்மி மாறல. எல்லாருக்கும் உலகத்து மேல கசப்பு, எல்லாருக்கும் பழைய கோபம், ஒருத்தருக்கும் தூக்கமில்ல. பதினாலு பேருமே கடுமையான பர்ன்-அவுட்."

"அர்த்தநாரியுமா?"

"அவரும்தான் சார்."

போனை வைத்தபின் நெடுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முற்றத்தில் ஏணியைத் துடைத்தபடி பாடிக்கொண்டிருந்தான். உள்ளுக்குள் இவ்வளவு கசப்பை வைத்துக்கொண்டா இந்தச் சிரிப்பு? வேஷக்காரன். கொஞ்சம் மதிப்புக்கூட வந்தது.

மாலையில் மாவட்ட அலுவலகத்திலிருந்து உத்தரவின் நகல். ஒரே இடத்தில் இருந்தால் ஒருவர் சோர்வு மற்றவரைத் தொற்றும் என்பதால், எங்கள் நிலைய ஆட்கள் அனைவரும் பிரிக்கப்பட்டு மாவட்டத்தின் வெவ்வேறு நிலையங்களுக்கு அனுப்பப்படுவார்கள். ஆட்சேபம் இருந்தால் நிலைய அலுவலர் திங்கட்கிழமை நேரில் தெரிவிக்கலாம்.

ஆட்சேபமா? இந்தக் கூட்டத்தை மாற்றிக் கொடுங்கள் என்று பதினோரு வருடமாக எழுதிப்போட்டவன் நான்.

ஜூன் 20, வியாழன்

ஆட்களிடம் சொன்னேன். ரியாஸ்தான் முதலில், "ஏனுங்கய்யா, வேற ஸ்டேஷன்லயும் சமையல் முறை வெச்சுத்தானுங்களா?" என்று கேட்டான். சகாயம் வாளியை எடுத்துக்கொண்டு போய், ஏற்கெனவே கழுவிய வண்டியைக் கழுவினார்.

நியாயமாக நான் இனிப்பு வாங்க வேண்டிய நாள். ஆனால் உத்தரவில் பிழைகள் அதிகம். சகாயத்தை மலைப்பக்கம் போட்டிருக்கிறார்கள். அவருடைய அம்மா படுத்த படுக்கை, வீடு இரண்டு தெரு தள்ளி, மத்தியானம் ஓடிப்போய் ஊட்டிவிட்டு வருவார். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ரியாஸைப் போட்டிருக்கும் நிலையத்தில் அடுப்பே கிடையாது. அர்த்தநாரியை அனுப்பும் இடத்து அலுவலரை எனக்குத் தெரியும். பாடினால் மெமோ கொடுக்கிற ஆள். என்ன அலுவலர் அவர்?

நிர்வாகத் திறமையின்மை என்ற கோணத்தில்தான் சொல்கிறேன்.

ஜூன் 22, சனி

பஞ்சு குடோன் தீ. காலை ஏழு மணி முதல் மத்தியானம் வரை.

பஞ்சு மேலே அணைந்தது போல் காட்டும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு பொதியாக இழுத்துப் பிரித்து நனைக்க வேண்டும். அர்த்தநாரி முகமூடிக்குள்ளேயே பாடிக்கொண்டு முதலில் போனான். பாட்டு என்று சொல்ல முடியாது, உறுமல். புகையில் ஒன்றும் தெரியாது. அந்த உறுமல் எங்கிருந்து வருகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் பின்னால் போவார்கள். அது நின்றால் எல்லாரும் நிற்பார்கள்.

பம்பு சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது, கைச்சைகைதான். நான் கையைத் தூக்கினால் தண்ணீரைத் திற என்று பொருள். அதைப் பார்த்த ஒவ்வொருவரும் தன் கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். அப்போதுதான் சைகை வண்டியருகே நிற்கும் சகாயம் வரை போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். இந்தப் பழக்கத்தை அவர்களுக்கு ஏற்படுத்தியவன் நானே.

கையைத் தூக்கினேன். சைகை போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாக் கைகளும் மேலே.

எனக்கு அந்தக் கூடம் நினைவுக்கு வந்துவிட்டது. அந்த அம்மாள் என் தலைக்கு மேலாகப் பார்த்தது, மாணவியின் பேனா நின்றது, எல்லாம்.

கையை இறக்க மறந்து அப்படியே நின்றேன். கை இறங்கவில்லையே என்று சகாயம் தண்ணீரை முழு வேகத்தில் வைத்துவிட்டார். குழாய் திமிறி, குடோன் முதலாளியின் பெயர்ப்பலகையைப் பெயர்த்துக்கொண்டு போனது. "தீயே தேவலாம்போல இருக்குதே" என்றார் முதலாளி.

ஜூன் 23, ஞாயிறு

நிதானமாக எழுதுகிறேன். அன்று கூடத்தில் பதில் சொன்னது பதினான்கு பேர் அல்ல. நான் கையைத் தூக்கினேன், டிரில் பழக்கத்தில் பின்னால் இருந்த பதின்மூன்று பேரும் தூக்கினார்கள். பேராசிரியை ஆராய்ந்தது ஓர் ஆளைத்தான்.

இதைக் குலசேகரனிடம் சொன்னால் இவர்கள் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் அந்தக் கசப்பு, கோபம், தூக்கமின்மை எல்லாம் ஒரே ஆளின் பெயரில் வந்து சேரும். உடைந்துபோனவர் யார் என்று குலசேகரன் விரல் நீட்டிக் காட்டலாம். சொல்லாவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை. பதினான்கில் ஒருவன்.

வசந்தாமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நாளைக்குப் போறீங்களா?" என்றாள். தெரியவில்லை என்றேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள். மனிதனை யோசிக்க விடுவதில்லை.

ஜூன் 24, திங்கள்

போனேன்.

குலசேகரன் மேசையில் ஒரு தட்டு பஜ்ஜி. நான் தொடவில்லை.

"ஆய்வு செல்லாது சார்" என்றேன். அவனை சார் என்று அழைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. எவ்வளவு வெறுப்பையும் அதற்குள் வைக்கலாம். "அதில் தொழில்நுட்பக் கோளாறு இருக்கிறது."

"என்ன கோளாறு நாச்சி?"

சைகை, மறுசைகை, கண்ணை மூடாதது எல்லாவற்றையும் விளக்கினேன். அவன் மென்றுகொண்டே கேட்டான்.

"அப்ப அந்தப் பதிலெல்லாம் யாரோடது?"

"முன்வரிசையின் பதில், சார்."

"முன்வரிசைல எத்தன நாற்காலி?"

"ஒன்று."

மெல்லுவதை நிறுத்தினான். வாசலில் நின்ற உதவியாளரை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"வாயால சொல்லு நாச்சி."

"சொல்லியாயிற்று சார்."

"நாற்காலியப் பத்திதான் சொன்ன. நீ ஒன்னப் பத்திச் சொல்லு."

சொன்னேன். மூன்றே சொற்கள். நமது மொழியில் எதையும் சுருக்கமாகச் சொல்ல முடிகிறது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அந்த அறையில் மின்விசிறி சரியாகச் சுற்றுவதில்லை, நல்ல வியர்வை.

"ஒன் ஸ்டேஷன நானாத் தேர்ந்தெடுக்கல" என்றான் திரும்பாமலே. "அர்த்தநாரி மூணு வாட்டி போன் பண்ணான். எங்க ஐயாவ யாராச்சும் வந்து பாருங்கன்னான். ஒன்ன மட்டும் பாக்க ஆள் அனுப்புனா வாசல்லயே வெரட்டிருப்ப. அதான் எல்லாரையும் பாக்கச் சொன்னேன்."

என் முதுகுக்குப் பின்னால் போன். இதையும் எழுதிவைக்கிறேன்.

முடிவு: புதன்கிழமை ஒவ்வொருவரையும் தனியறையில் வைத்து மறுபடி கேட்பார்கள். மற்றவர்கள் சரியாக இருந்தால் பிரிக்க மாட்டார்கள். என் விஷயம் என் பதிலைப் பொறுத்தது.

ஜூன் 26, புதன்

ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். அர்த்தநாரியின் சிரிப்பு சுவரைத் தாண்டிக் கேட்டது. சகாயம் போன வேகத்தில் திரும்பிவிட்டார். எல்லாக் கேள்விக்கும் "கர்த்தர் பாத்துக்குவாரு" என்று ஒரே பதில் சொன்னாராம்.

கடைசியாக நான். "கை வேணாம் சார், வாயாலயே சொல்லுங்க" என்றார் மங்கையர்க்கரசி அம்மாள். முதல் நான்கு கேள்விக்கும் உடனே சொல்லிவிட்டேன். ஐந்தாவதற்குப் பதில் சொல்லத் தொடங்கியபோது மணி பத்தேகால். வெளியே வந்தபோது ரியாஸ் சோறு போட்டு மூடிவைத்திருந்தான். சாம்பார் ஆறிவிட்டிருந்தது.

அந்தப் பையனின் பெயர் நவநீதன். பதினேழு வயது. கயிற்றை எட்டிப்பிடித்தான். பிறகு என் கையைப் பிடித்தான். பிடி நழுவிவிட்டது.

வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 28, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. பதின்மூன்று பேரும் நலம், அவரவருக்கு அவரவர் குணம். பிரிக்க மாட்டார்கள். எனக்கு நாற்பத்தைந்து நாள் கட்டாய விடுப்பு, வாரம் ஒருமுறை அந்த அம்மாளைப் பார்க்க வேண்டும், பிறகு இதே நாற்காலி. அதுவரை பொறுப்பு அர்த்தநாரிக்கு.

என் வாழ்நாளில் நான் எடுக்கும் முதல் நீண்ட விடுப்பு. குலசேகரன் கையெழுத்தில். இதை நன்றிக் கணக்கில் சேர்ப்பதா, பஜ்ஜிக்கு அடுத்து எழுதுவதா என்று முடிவு செய்யவில்லை.

ஜூன் 29, சனி

அர்த்தநாரியை எதிரில் உட்காரவைத்துப் பொறுப்பை ஒப்படைத்தேன்.

"சகாயம் வண்டியக் கழுவுனா தடுக்காத. ரெண்டாவது வாட்டியும் கழுவட்டும். மூணாவது வாட்டி வாளிய எடுத்தா, பக்கத்துல போய் நில்லு. ஒண்ணும் பேசாத."

"சரிங்க."

"ரியாஸ் முறை இல்லாம சமைச்சா எல்லாரும் சாப்புடோணும். பசியில்லைன்னு ஒருத்தனும் சொல்லக்கூடாது."

"அது எப்பவும் அப்பிடித்தானுங்களே."

"கிணத்துக்கு உன்னோட யாரு எறங்கறதுன்னு மொதல்லயே சொல்லீரு. எடத்துக்குப் போய் யோசிக்கக்கூடாது."

"சரிங்க. என்னப் பத்தி ஏதும் சொல்லலீங்களே?"

"நீ சிரிச்சுட்டு இருக்கற வரைக்கும் கேடில்ல. நின்னுபோச்சுன்னா எனக்குப் போன் பண்ணச் சொல்லி ரியாஸ்கிட்ட சொல்லீருக்கறேன்."

சிரித்தான். நான் அதற்காகவே காத்திருந்தவன் போல் கேட்டேன். "எனக்குத் தெரியாம மாவட்டத்துக்குப் போன் பண்ணுனயா?"

"பண்ணுனனுங்க."

"எதுக்கு?"

அவன் மேசையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். "ஏப்ரலுக்கப்பறம் நீங்க எங்களத் திட்டவே இல்லீங்கய்யா. மோதிரம் எடுக்க வந்த அம்மிணிகிட்ட நான் வாயடிச்சதுக்குக்கூட ஒண்ணும் சொல்லலீங்க. வேணும்னே குழாய ஈரத்தோட சுத்தி வெச்சுப் பாத்தோம். பாத்துட்டுப் பேசாமப் போய்ட்டீங்க. அன்னிக்குத்தானுங்க நெசமாவே பயந்துட்டோம்."

அலுவலர் என்ற முறையில் விஷயத்தை மாற்றினேன்.

"அது போகட்டும். டிரில்லுல பழகுனது சரி. அதுக்காக அந்தம்மா கேள்வி கேக்கறப்பவும் என் கையப் பாத்துட்டா தூக்கறது? சொந்தமா மூளைன்னு ஒண்ணு வேண்டாமா?"

அர்த்தநாரி இப்போது சிரிக்கவில்லை.

"டிரில்லுன்னா சொன்னீங்க?" என்றான். "மொதக் கேள்விக்கு ஐயா கை மட்டும் ஒண்டியா மேல நின்னுச்சுங்க. அந்தப் புள்ள உங்க பேர்ல மட்டும் எழுதறதுக்குப் பேனாவத் தெறந்துச்சு. ஒண்டியா நிக்க உடறதுக்கு மனசு வருலீங்க. சகாயண்ணந்தான் மொதல்ல தூக்குனாரு."

"பாதி தூக்குனனே, அதுக்கு?"

"நாங்களும் பாதிதானுங்க தூக்குனோம்."

ஆக, மாவட்ட அலுவலரிடம் நான் அளித்த தொழில்நுட்ப விளக்கம் அடிப்படையிலேயே தவறு. திருத்தம் அனுப்ப வேண்டுமா என்று யோசித்தேன். தேவையில்லை என்று தோன்றியது.

எழுந்து வெளியே வந்தேன். வண்டிக் கொட்டகையில் ஏணி கோணலாகச் சாய்ந்து கிடந்தது. தலைக்கவசங்கள் தரையில் உருண்டு கிடந்தன. மண் வாளியில் எவனோ டீ டம்ளரை வைத்திருந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். எந்த எருமைடா ஏணிய இப்பிடிச் சாத்தி வெச்சது என்பதில் தொடங்கி, மண் வாளி, தலைக்கவசம், பாம்பு பிடிக்கப் போய்க் கம்பைத் தொலைத்துவிட்டு வந்தது, குடோன் பெயர்ப்பலகை, மூன்று மாதத்து விஷயம் அத்தனையும். நோட்டைப் பார்க்காமலே எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

சகாயம் குழாயை நிறுத்திவிட்டு வாளியோடு வந்து நின்றார். ரியாஸ் கரண்டியோடு வந்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள். தீ மணி அடித்தால்கூட இவ்வளவு சீக்கிரம் கூடியதில்லை. திட்டு வாங்குகிற முகம் ஒன்றுகூட அதில் இல்லை.

மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"அவ்ளோதானுங்களாய்யா?" என்றான் ரியாஸ். "இன்னும் நாப்பத்தஞ்சு நாளைக்கு வேணுமுங்களே."

மறுபடி ஏணியிலிருந்து ஆரம்பித்தேன்.